ஃபைபர் கதவு பிய்ந்தால்

மதுரை வீட்டுக் குளியலறைகளில் ஃபைபர் கதவு இன்று சாதாரணம். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறி உப்பாது. ஆனால் கீல் பிடித்த இடம் பிய்ந்துவிடும். கீழ்மூலை தரையில் உரசி உரசி விரியும். பலரும் பட்டியைப் பூசி அடைக்கிறார்கள். இரண்டே மாதத்தில் அது உதிர்கிறது.

ஃபைபரின் பலம் உள்ளே ஓடும் கண்ணாடி இழைகளில் இருக்கிறது. பாலியஸ்டர் ரெசின் அவற்றை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவே. விரிசல் விழுந்த இடத்தில் இழைகள் அறுந்திருக்கும். பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரத்தைத் தாங்காது. புது இழைகளைப் பழையவற்றின் மேல் ஏற்றிப் படியவைக்க வேண்டும்.

அதனால் வேலையில் பாதிக்கு மேல் உப்புத்தாளோடுதான். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் கலந்து ஒன்றாவதில்லை, சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பெயின்ட்டும் பளபளப்பும் போகும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டையைச் சுற்றிச் சரிவாகவும் தேய்க்க வேண்டும்: 3 மி.மீ. கனம் என்றால் 36 மி.மீ. அகலத்துக்குச் சரிவு. கதவின் உள்ளே மரச்சட்டம் ஈரமாக இருந்தால் மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

வெயில் இங்கே மட்டும்தான் நண்பன், ரெசின் கலக்கும்போது எதிரி. 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம். சூடு பத்து டிகிரி ஏறினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்திரை மதியத்தில் கலந்தால் பிரஷ்ஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். ஒரே தடவையில் கலக்கும் அளவு கூடினால் புகையே கிளம்பும். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே சரி. இறுகுவதை முடுக்கிவிடும் கோபால்ட் கரைசலைத் தனியாக வாங்கியிருந்தால் முதலில் அதை ரெசினில் முழுதாகக் கலக்குங்கள், பிறகே ஹார்டனர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

புது இழைகள் ‘மேட்’ எனும் கண்ணாடி இழை விரிப்பாக வரும்; அதைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். ஓரம் மேடு தட்டாது. ரெசின் ஊறியதும் வெள்ளை மேட் கண்ணாடிபோலத் தெளியும். வெள்ளைத் திட்டு எங்கே தெரிகிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது. பிரஷ் நுனியால் குத்திக் குத்தி வெளியேற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் கட்டாயம். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். ரெசின் ஆவியும் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

மாடியிலுள்ள கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையும் இப்படியே ஒட்டலாமே என்று தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். இந்த ரெசின் அதில் ஒட்டாமல் தோலாக உரியும். ஒட்டிய கதவை ஒருநாள் அசைக்காமல் விட்டு, மறுநாள் தேய்த்துப் பெயின்ட் அடித்து, கீலுக்குப் பழைய ஓட்டையை விட்டுச் சற்றுத் தள்ளித் துளையிடுங்கள்.