கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்தால்...

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பது அப்பாவின் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் கையோடு ஒன்று வாங்கி வரச் சொல்லி, மயூர் விஹார் வீட்டின் சமையலறை வாசலில் மாட்டிவிடுவார். காலையில் காப்பி குடித்த கையோடு ஒரு தாள் கிழிபடும். 80 வயதாகியும் அது ஒரு நாள் தவறியதில்லை.

அப்படிப்பட்டவருக்குத் தேதி மறந்து போகிறது என்று சென்ற குளிர்காலத்தில் வீட்டில் எல்லோரும், முக்கியமாக நான், முடிவு கட்டிவிட்டோம். காரணம், எங்கள் பழைய கம்ப்யூட்டர்.

அப்பா மத்திய அரசுக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துச் சந்தா ரசீதுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொடுப்பது பல வருடமாக அவர் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் போன் செய்தார். "மாமா, பதினாலு ரசீதுல 2012 ஜனவரி 1-ம் தேதின்னு விழுந்திருக்கே?" நாசூக்காகத்தான் கேட்டார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

நான் தேதியைச் சரி செய்து வைத்தேன். அன்று இரவு கம்ப்யூட்டரை மூடியதும் நான்தான். மறுநாள் தேதி சரியாக இருந்தது. அடுத்த இரவு அப்பா மூடினார். காலையில் மறுபடி 2012! இப்படியே நாலைந்து தடவை. நான் மூடினால் சரி, அப்பா மூடினால் தப்பு. எனக்கு வேறென்ன தோன்றும்?

"அப்பா, நீங்க ஏதோ பட்டனை அழுத்திடறீங்க."

"வயசாயிடுத்தோல்லியோ, நாமதான் பார்த்துக்கணும்" என்றாள் அம்மா, மெதுவாக. அப்பாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மறுநாள், "சங்க வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துடச் சொல்லுடா" என்றார். காலண்டர் கிழிக்கும்போதுகூட, "இன்னிக்குப் பதினேழுதானே?" என்று அம்மாவைக் கேட்க ஆரம்பித்தார்.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, "மதர்போர்டு போய்விட்டது, ஆறாயிரம் ஆகும்" என்றார்கள்.

கணக்கர் போட்ட கணக்கு

ஆனால் அப்பா சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, பத்து நாள் கணக்கு எழுதியிருக்கிறார். தேதி, மூடியது யார், எத்தனை மணிக்கு, காலையில் திரையில் என்ன தேதி என்று நாலு கட்டம். பதினோராம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆறு நாள் நான் மூடினேன், நாலு நாள் நீ. நான் பண்ணி நீ பண்ணாதது ஒண்ணே ஒண்ணுதான். நீ ஷட் டவுன் குடுத்துட்டு எழுந்து போயிடறே. நான் சுவர் ஸ்விட்சையும் அணைச்சுடறேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. விஷயம் முழுவதும் அந்த ஸ்விட்சில்தான் இருந்தது.

உள்ளே ஒரு கடிகாரம்

கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அதில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். அதாவது ஒரு விநாடி. நாம் கம்ப்யூட்டரை மூடிய பிறகும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் அது சி.ஆர். 2032 என்ற ரகம். 3 வோல்ட். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி, நேரம் கேட்கும். சொல்லாவிட்டால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். 1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில்தான் பேட்டரியோடு கடிகாரம் வைத்தார்கள்.

சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டரை மூடினாலும் கொஞ்சம் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். பேட்டரி செத்திருப்பது வெளியே தெரியாது. ஸ்விட்சை அணைத்தால்தான் குட்டு வெளிப்படும். தயாரித்தவர்கள் ஆரம்பத்தில் பதித்து வைத்த தேதிக்குப் போய் நிற்கும். எங்கள் கம்ப்யூட்டருக்கு அது 2012 ஜனவரி 1. மின்சாரத்தை மிச்சம் பிடித்த அப்பாவின் நல்ல பழக்கமே அவர் மீது பழி போட்டுவிட்டது!

உங்கள் வீட்டில் எந்த ரகம்?

தேதி எப்படித் தப்புகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

பல வருடம் பின்னால் போய், எப்போதும் ஒரே தேதியில் வந்து நின்றால் பேட்டரிதான். சந்தேகமானால் ஓர் இரவு சுவர் ஸ்விட்சை அணைத்தும், மறு இரவு அணைக்காமலும் பாருங்கள்.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் பேட்டரி மீது குற்றமில்லை. நம் இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. விண்டோஸில் நேர மண்டலத்தைச் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டில்லி' என்ற வரிக்கு மாற்றுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டிலும் இது நேரும். உள் கடிகாரத்தை லினக்ஸ் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வரும் வினை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் நேற்றைய தேதி தெரியும்!

மூன்றாம் தேதி ஏப்ரலுக்கு 4/3 என்று காட்டினால் கடிகாரம் சரி, எழுதும் முறைதான் அமெரிக்க முறை. பிராந்திய அமைப்பில் இந்தியா என்று மாற்றினால் போதும்.

தேதி தப்பினால் ரசீது மட்டும் கெடுவதில்லை. பாங்க் போன்ற பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. நம் கம்ப்யூட்டர் 2012-ல் இருந்தால், 'இது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கதவைச் சாத்திவிடும். பலர் இன்டர்நெட் கோளாறு என்று அலைவது இதனால்தான்.

மாற்றுவது எப்படி?

கம்ப்யூட்டரை மூடி, ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியை நெம்பினால் அது மேலே வரும். அதே எண்ணுள்ள புதியதை, ப்ளஸ் குறி அதே பக்கம் இருக்கும்படி வைத்து அழுத்துங்கள். மறுபடி போடும்போது டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தி, செட்டப் பக்கத்தில் தேதி, நேரத்தைக் கொடுத்துச் சேமியுங்கள். லாப்டாப் என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. சிலவற்றில் பேட்டரி ஒயரோடு இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பழைய பேட்டரியோ புதியதோ, குழந்தை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியில், இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும் வசதியைப் போட்டு விடுங்கள். வித்தியாசம் வருடக்கணக்கில் இருந்தால் அது சில சமயம் ஏற்காது. முதலில் கையால் தேதி வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

நாட்டுக்கே நேரம் சொல்லும் அணுக் கடிகாரங்கள் நம் டில்லியில்தான், தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கின்றன. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அது இருக்கும் சாலைக்கே அவர் பெயர். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது உங்கள் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

நேரு ப்ளேஸில் புது பேட்டரி வாங்கினேன். ஆறாயிரம் கேட்ட இடத்தில் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அப்பாவே பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். மாற்றிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பெட்டியின் பின்னால் ஒட்டினார். அன்றிரவு சுவர் ஸ்விட்சையும் அவரே அணைத்தார். காலையில் தேதி சரியாக இருந்தது.

பதினாலு ரசீதுகளையும் சரியான தேதி போட்டுத் திரும்ப அச்சடித்து, பொருளாளர் வீட்டுக்கு நானே கொண்டு போனேன். "மாமா விட்டுடறேன்னு சொன்னாராமே?" என்று கேட்டார். "இல்லை, அவர்தான் தொடர்ந்து பண்ணுவார்" என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "தப்பு என்னோடதுதான்ப்பா" என்று சொன்னேன். அவர் நோட்டில் பேட்டரி செலவை எழுதிக்கொண்டிருந்தார். "போறது போ, கணக்கு சரியாப் போச்சு" என்றார், நிமிராமல்.

உங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் திணறினால், அவர் ஞாபகத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அந்த 3 வோல்ட் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.