பட்டுக்கும் பாப்பா துணிக்கும் பூந்திக்கொட்டை

"துணி துவைச்சு முடிச்சா விரல் இடுக்கெல்லாம் எரியுதுக்கா" என்றாள், எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கைக்குழந்தைக்காரி. சோப்புத் தூள் தண்ணீரில் கை ஊற ஊற, தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையும் அழுக்கோடு போய்விடும். அப்புறம் தோல் வறண்டு வெடிக்கத்தானே செய்யும்? குழந்தைத் துணிக்காவது பூந்திக்கொட்டையைப் பயன்படுத்து என்றேன்.

எண்ணெய் அழுக்கு வெறும் தண்ணீருக்குப் போகாது. ஒரு பக்கம் தண்ணீரையும் மறு பக்கம் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்று நடுவில் வேண்டும். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் அந்த வேலையைச் செய்வது 'சப்போனின்'. சோப்புத் தூளில் அதைச் செய்வது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த ரசாயனம். பூமிக்குள் இருக்கும் எண்ணெய் எடுக்க எடுக்கக் குறையும். மரமோ வருஷா வருஷம் காய்க்கும்.

ஆரம்ப காலச் சோப்புத் தூள்கள் எளிதில் மக்காமல் ஆறுகளில் நுரையாய் மிதந்தன. அதனால் 1965-ல் அமெரிக்காவில் சுலபமாக மக்கும் வகைக்கு மாறினார்கள்.

செய்முறை

பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை உடைத்துக் கறுப்பு விதையை நீக்குங்கள். சத்து தோலில்தான் இருக்கிறது. இரண்டு டம்ளர் வெந்நீரில் இரவு ஊறப் போட்டு, காலையில் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அரை பக்கெட் தண்ணீரில் கலந்து பட்டு, கம்பளி, குழந்தைத் துணிகளை நனைத்துக் கசக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்புப் போல இது திரிந்து போகாது. தங்க நகையும் துலக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* கரைசல் சீக்கிரம் கெட்டுவிடும். ஓரிரு நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.
* கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும். விதையைக் குழந்தை வாயில் போட்டுவிடாமல் எட்டாத இடத்தில் வையுங்கள்.
* மீன் தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். சப்போனின் மீனுக்கு விஷம்.
* வெள்ளைத் துணியில் லேசாகப் பழுப்பேறலாம். பிசுக்கேறிய கரித்துணிக்கு இது போதாது.

கடையில் வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள். 'கோகோ குளுக்கோசைடு', 'டெசைல் குளுக்கோசைடு' என்றிருந்தால், அவை சர்க்கரைப் பொருளையும் தேங்காய் எண்ணெய் போன்ற தாவர எண்ணெயையும் கொண்டு செய்தவை, எளிதில் மக்குபவை.

நுரை குறைவாக இருக்கிறதே என்று மேலும் மேலும் அள்ளிப் போட வேண்டாம், சகோதரிகளே. அழுக்கு போவதற்கு நுரை பொங்க வேண்டியதில்லை.