மருந்தில்லாமல் ஒழிந்த நோய்

அன்று வறண்ட ஊர்களில் குடிநீர் என்றால் படிக்கிணறும் குளமும்தான். பெண்கள் குடத்தோடு படியிறங்கி, கணுக்கால் நனைய நின்று நீர் மொண்டு வருவார்கள். அந்த நீரில்தான் நரம்புச் சிலந்தி நோய் குடியிருந்தது. ராஜஸ்தானில் அதை ‘நாரு’ என்றார்கள்.

நோய்க்குக் காரணம் ஒரு புழு. அதன் நுண்ணிய குஞ்சுகள் சைக்ளாப்ஸ் என்னும் நீர்த்தெள்ளுக்குள் வளரும். தெள்ளு உள்ள தண்ணீரைக் குடித்தால், தெள்ளு வயிற்றில் செரித்துப்போகும். உள்ளிருந்த குஞ்சுகள் குடலைத் துளைத்து உடலுக்குள் நுழையும். ஏறக்குறைய ஓராண்டு எந்த அறிகுறியும் இராது. பிறகு பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்புப் பட்டதுபோல் எரியும். எரிச்சல் தாளாமல் காலைத் தண்ணீரில் வைத்ததும் கொப்புளம் உடைந்து, பெண் புழு லட்சக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். ஊரே குடிக்கும் கிணற்றில் படியிறங்கிய ஒருவரின் கால், அடுத்த ஆண்டுக்கான நோயை விதைத்துவிடும்.

இரண்டு மூன்று அடி நீளப் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக வெளியே இழுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். உழவு வேளையில் குடும்பத்தலைவர் படுத்துவிட்டால் அந்த ஆண்டு விளைச்சலே போய்விடும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும். உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை.

இதைக் குணமாக்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பூசியும் கிடையாது. ஆனால் புழு வரும் வழி தெரிந்திருந்தது. அந்த வழியை அடைப்பதையே இந்தியா தன் திட்டமாக்கியது. படிக்கிணறுகளைக் கைப்பிடிச்சுவர் வைத்த இறைகிணறுகளாக மாற்றினார்கள், அடிபம்புகள் வந்தன. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனார்கள். தெள்ளைக் கொல்லும் மருந்தை நீர்நிலைகளில் தெளித்தார்கள். புண் உள்ளவர்களைக் கிணற்றில் இறங்கவிடாமல் காத்தார்கள்.

1984-ல் நாட்டில் சுமார் 40,000 பேருக்கு இந்த நோய் இருந்தது. தமிழ்நாடு 1980-களின் முற்பகுதியிலேயே அதிலிருந்து விடுபட்டுவிட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்த நோய் அற்ற நாடாக அறிவித்தது. உலக அளவில் 1986-ல் ஆண்டுக்கு 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2024-ல் 15 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடமும் அந்தப் புழு இருப்பதால் முடிவு தள்ளிப்போகிறது. ஆனாலும் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

இன்று நம் வீடுகளில் குழாய் இருக்கிறது. அதனால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். காலராவும் டைபாய்டும் மஞ்சள்காமாலையும் இன்னமும் குடிநீரில்தான் பயணிக்கின்றன. அவற்றின் வழியும் நமக்குத் தெரியும். குழாய் நீர் நிறம் மாறினால், நாற்றமடித்தால், அன்றைக்கே புகார் கொடுங்கள். ஊர் மேல்நிலைத் தொட்டியை ஒழுங்காகக் கழுவுகிறார்களா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள். நரம்புச் சிலந்தியை ஒழித்தது தண்ணீரின்மேல் மக்கள் வைத்த கண்தான். அந்தக் கண்ணை நாம் எடுத்துவிடக் கூடாது.