வக்கீல்கள் வேஷம் கட்டிய விக்டோரியா ஹால்!

ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரெயில் ஏறி, மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். பூந்தமல்லி ஐரோட்டில் பஸ்சில் வருகிறவர்களும் அந்த வழிதான். சென்டிரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே, சதுரக் கோபுரத்தோடு ஒரு சிவப்புக் கட்டிடம் நிற்கிறது.

"ஏம்ப்பா, இது கோர்ட்டா, சர்ச்சா?" என்று கையைப் பிடித்து வரும் பிள்ளை கேட்கும்.

"ஏதோ வெள்ளைக்காரன் கட்டினதுடா. சீக்கிரம் நட, வண்டி போயிடும்" என்பார் அப்பா.

கோர்ட்டும் இல்லை, சர்ச்சும் இல்லை. அது விக்டோரியா பப்ளிக் ஹால். தமிழ் நாடகத்துக்கு மரியாதை தேடிக்கொடுத்த இடம்!

8 அணா வாடகை

'வெள்ளைக்காரன் கட்டினது' என்பதும் பாதிதான் நிஜம். பிளான் போட்டவர் ராபர்ட் சிஷோம் என்ற வெள்ளைக்காரர். ஆனால் 1883-ல் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா. கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார் என்ற நம்ம ஊர் காண்டிராக்டர். ஊருக்கு ஒரு டவுன்ஹால் வேண்டும் என்று தொடங்கிய வேலை அது. 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழா வந்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலம். 99 வருஷக் குத்தகை. வாடகை எவ்வளவு தெரியுமா? கிரவுண்டுக்கு வருஷம் 8 அணா!

கட்டிய விதமும் நம்ம வெயிலுக்கு ஏற்றதுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தடித்த சுவர். சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். வெயில் நேராகச் சுவரில் விழாது. காற்று மட்டும் உள்ளே வரும். கோபுரத்தின் தலையில் மலையாளத்து வீடு போலச் சரிந்த கூரை. கீழே ஒரு ஹால், மாடியில் ஒரு ஹால். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். மரத்தால் ஆன காலரியில் இன்னும் 200 பேர்.

'கூத்தாடி' பட்டம் போனது

கூட்டம் போடுவதற்காகக் கட்டிய ஹாலில் கூட்டங்களும் நடந்தன. 1897 பிப்ரவரி 9-ந் தேதி விவேகானந்தர் இங்கே பேசினார். ஆனால் ஹாலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நாடகம்தான்.

அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் இளக்காரம். 'கூத்தாடி' என்பார்கள், பெண் கொடுக்க யோசிப்பார்கள். 1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்தார் பம்மல் சம்பந்த முதலியார். படித்தவர்களே மேடை ஏறி நடித்தார்கள். 'நம்மால் முடியாதா?' என்று அவருக்கும் தோன்றியது. அதே வருஷம் நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார்.

முதலியார் வக்கீல், பிற்பாடு ஜட்ஜ். பெண் வேஷத்தில் புகழ்பெற்ற ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். பகலில் கோர்ட்டில் கருப்பு அங்கி, ராத்திரி மேடையில் பட்டுப்புடவை! விடிய விடிய இழுக்காமல் சில மணி நேரத்தில் முடிகிற நாடகம். குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற நாடகம். சபாவின் ஆட்டங்களுக்கு விக்டோரியா ஹால் பல வருஷம் வீடாக இருந்தது.

பூட்டிய கதவு

1931-ல் தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. 1936-ல் சபாவும் மவுண்ட் ரோட்டுக்குக் குடிபெயர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஹாலில் ஆள் நடமாட்டம் குறைந்தது. கடைசியில் வருஷக்கணக்காகக் கதவு பூட்டியே கிடந்தது.

சுண்ணாம்புக் கட்டிடத்துக்கு மழையை விடப் பெரிய எதிரி, பூட்டுதான். ஆள் புழங்கினால் ஒழுக்கு அன்றைக்கே கண்ணில் படும். ஆள் இல்லாவிட்டால் விரிசலில் அரசங்கன்று வேர் விடும். வேர் இறங்கினால் செங்கல் பிளக்கும். அவசரத்துக்கு சிமெண்டைப் பூசினாலோ, சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்புதான் மருந்து.

பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கு இரையானது. அந்த இடத்தில்தான் இன்றைக்கு ஆவடி ரெயில் வந்து நிற்கிறது. விக்டோரியா ஹால் தப்பித்தது. 2023-ல் மாநகராட்சி சீரமைப்பு வேலையில் இறங்கியது.

சுவரைக் கொத்தனார் சரிசெய்யலாம். ஹாலுக்கு உயிர் கொடுப்பது ஜனங்கள்தான். அடுத்த தடவை பிள்ளை கேட்டால், ஒரு நிமிஷம் நின்று சொல்லுங்கள்... அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வந்துவிடும்!