நிறச்சாய்வுத் திருத்தம்

நிறச்சாய்வு என்பது எண்ணிம ஒளிப்படம் ஒன்றின் மீது முழுவதுமாக ஒரு நிறம் படர்ந்து தெரிவதாகும். காட்சியின் மேல் விழும் ஒளியின் நிறத்தைப் படக்கருவி தவறாகக் கணிப்பதே இதற்கு முதன்மைக் காரணம். நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். குண்டு பல்பின் ஒளி 2800 கெல்வின் அளவில் மஞ்சளாகவும், நிழலில் விழும் வானொளி 7000 கெல்வினுக்கு மேல் நீலமாகவும் இருக்கும். மனிதக் கண் இம்மாற்றங்களுக்குத் தானாகப் பழகிக்கொள்ளும், உணரி பழகாது.

நடுநிலைப் புள்ளி

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று மதிப்புகளும் சமமாக உள்ள படப்புள்ளி நடுநிலையானது. சாம்பல் அட்டை ஒன்று படத்தில் 120, 132, 150 என்று பதிவாகியிருந்தால் படம் நீலம் பக்கம் சாய்ந்துள்ளது. பச்சையை அப்படியே விட்டு, சிவப்பை 1.1 ஆலும் நீலத்தை 0.88 ஆலும் பெருக்கினால் மூன்றும் 132 ஆகிவிடும். இதே பெருக்கம் படம் முழுவதற்கும் பொருந்தும். மென்பொருள்களில் உள்ள ஐடிராப்பர் கருவி செய்வது அடிப்படையில் இதுதான். ரா கோப்பில் செய்தால் பிழை குறைவு. ஜேபெக் கோப்பில் தகவல் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும்.

கணக்கு எளிது. எந்தப் புள்ளியைச் சொடுக்குவது என்பதில்தான் பலரும் தவறுகின்றனர்.

உப்பளப் படங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரம், ஆறுமுகநேரி பகுதி உப்பளங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உப்பு அம்பாரம் வெள்ளைதானே என்று அதையே நடுநிலையாகக் கொள்ளத் தோன்றும். வெயில் படும் பக்கத்தில் மதிப்புகள் பெரும்பாலும் 255ஐ எட்டி வெட்டுப்பட்டிருக்கும். அங்கு அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. நிழல் பக்கம் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். அதைச் சொடுக்கினால் நீலம் குறைந்து, வெயிலில் உள்ளவை எல்லாம் மஞ்சளாகும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியும் உதவாது. அச்சுத் தாளில் சேர்க்கப்படும் ஒளிர்ப்பிகள் வெயிலில் நீலமாக ஒளிர்வதால் அதையும் நம்ப இயலாது. வெயிலில் நிற்கும், சாயம் பூசாத சிமெண்ட் தூண் இவற்றைவிட மேல். ஆனால் சாம்பல் அட்டையை அதே வெயிலில் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வதே சிறந்தது.

தானியங்கி வெண் சமநிலைக்கு இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காட்சியின் சராசரி நிறம் சாம்பல் என்ற ஊகத்தில் இயங்கும் முறைகள், அடர்ந்த உப்புநீர்ப் பாத்தியின் இளஞ்சிவப்பைப் பிழையாகக் கருதிப் பச்சையைக் கூட்டிவிடும். அந்த இளஞ்சிவப்போ உப்புநீரில் வாழும் நுண்ணுயிரிகளாலும் துனாலியெல்லா பாசியாலும் வருவது. நீர் எவ்வளவு செறிந்துள்ளது என்பதற்கான அடையாளம். அது அழிந்தால் படம் பொய் சொல்லும்.

முத்து

இக்கடற்கரைக்குப் பெயர் தந்த முத்துக்கும் இது பொருந்தும். முத்துகள் பலவும் தூய வெண்மையல்ல; இளமஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாயல் கொண்டவை. விலையில் அச்சாயலுக்கும் பங்குண்டு. முத்தையே வெள்ளையாகக் கொண்டு திருத்தினால் சாயல் மறைந்து, வாங்குபவர் வேறொரு முத்தைப் பார்ப்பார். எனவே முத்துக்கு அருகில், அதே விளக்கொளியில், சாம்பல் அட்டையை வைத்து அதிலிருந்தே அளக்க வேண்டும்.

கடலுக்கடியில் எடுத்த படங்களில் பெருக்கம் மட்டும் போதாது. முதல் சில மீட்டர்களிலேயே தண்ணீர் சிவப்பொளியைப் பெருமளவு உறிஞ்சிவிடுவதால், எஞ்சிய சிறு மதிப்பைப் பெருக்கும்போது இரைச்சலே கூடும். ஆழத்தில் படமெடுப்போர் விளக்கைக் கையோடு கொண்டுசெல்வது இதனால்தான்.