சுதேசக் கல்வி மரபும் தேசியக் கல்விச் சீர்திருத்தமும்: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து

முன்னுரை

தேசியக் கல்விக் கொள்கை 2020, இந்திய அறிவு மரபுகளைப் பாடத்திட்டத்தில் இணைக்க வலியுறுத்துகிறது. எம்மரபை, எவ்வளவுகோல் கொண்டு தேர்வது என்பதே இதில் எழும் முதன்மை வினா. பூவிருந்தவல்லி, ஆவடி வட்டார வரலாற்றின் துணையுடன் இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திண்ணைப் பள்ளியின் கொடை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் சுதேசப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். ஏறத்தாழ 1.28 கோடி மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826இல் அவர் பதிவு செய்தார். பூவிருந்தவல்லியை உள்ளடக்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டமும் இக்கணக்கில் இடம்பெற்றது. இத்தரவுகளை 1983இல் தொகுத்து வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவரே பெரும்பான்மையினர் என்பதைச் சுட்டிக்காட்டினார். எனினும் பள்ளி சென்ற பெண்கள் மிகச் சிலரே.

மணலில் எழுதிப் பழகுவதும், சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பிப்பதும் திண்ணைப் பள்ளி வழக்கங்கள். மணலெழுத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் அதனைக் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழி இது 'மதராஸ் முறை' என இங்கிலாந்தில் பரவியது.

மரபின் மறுபக்கம்

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பழக வழிவகுத்தது. கைத்தொழில் வழிக் கல்வி என்பது 1937இன் வார்தா திட்டத்திலும் உண்டு. ஆனால் அங்குத் தொழில், பள்ளியில் அனைவருக்கும் பொதுவான பாடம். இங்கோ பிறப்பு வழி வந்த கடமை. 'குலக்கல்வி' என எதிர்க்கப்பட்ட இத்திட்டத்தைக் காமராசர் அரசு 1954இல் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தை இலக்காக அறிவித்தது.

மண்ணின் அளவுகோல்

பிறப்பைக் கடந்த அறிவு மேலைநாட்டுக் கருத்து மட்டுமன்று. பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில் தோன்றிய ஆழ்வார், பிரம்பறுப்போர் குடியில் வளர்ந்தவர் என்பது குருபரம்பரைச் செய்தி. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த திருக்கச்சி நம்பியை இராமானுசர் ஆசானாகப் போற்றினார்.

முடிவுரை

மணலெழுத்தும் சட்டாம்பிள்ளை முறையும் கற்பிக்கும் உத்திகள். குலத்தொழில் ஒரு சமூக அடுக்கு. முன்னவற்றை ஏற்கவும் பின்னதை விலக்கவும் உரிய அளவுகோல் மரபுக்குள்ளேயே உள்ளது. எனவே, ஒரு மரபுக்கூறு எவ்வளவு பழமையானது என்பதைவிட, அது கல்வியை யாவர்க்கும் திறக்கிறதா என்பதே சீர்திருத்தத்தின் முதல் தேர்வாதல் வேண்டும்.