மலைக்கோட்டைக்குத் தெற்கே ஒரு பனிக்கடல்!

அட்லஸை எடுங்கள். திருச்சி மலைக்கோட்டை இருக்கும் இடத்தில் விரலை வையுங்கள். அப்படியே நேர் தெற்காக இழுத்துக்கொண்டு போங்கள். ராமநாதபுரம் பக்கமாகக் கடலில் இறங்கி, இலங்கையை இடப்பக்கம் விட்டு, பூமத்திய ரேகையையும் தாண்டுங்கள். பிறகு நீலம்... நீலம்... ஒரே நீலம்தான்! சுமார் 8,800 கி.மீ. போனதும் விரல் முட்டுகிற கரை, அன்டார்க்டிகா. அந்தக் கரையை ஒட்டியிருக்கும் பனிக்கடலின் பெயர் என்ன தெரியுமா? ‘ஒத்துழைப்புக் கடல்’!

யார் வைத்த பெயர்?

ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். ‘அரங்கம்’ என்பதற்கு, ஆற்றின் நடுவே உள்ள திட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஊருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! இதெல்லாம் அங்கேயே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள்.

அன்டார்க்டிகாவிலோ ஊர் என்று எதுவும் இருந்ததில்லை. அதனால், அங்கே போனவர்கள்தான் பெயர் வைத்தார்கள். இந்தக் கடலின் விரிகுடா ஒன்றுக்கு ‘பிரிட்ஸ்’ என்று பெயர். ஒலாஃப் பிரிட்ஸ் மாலுமி அல்ல. நார்வேயில் திமிங்கில வேட்டைக்காரர்களின் காப்பீட்டுச் சங்கத்தை நிர்வகித்தவர்! மேற்கே இருக்கும் கடலுக்கு, முதல் விண்வெளி வீரர்களின் நினைவாக 1962-ல் ‘காஸ்மோநாட்டுகள் கடல்’ என்று பெயரிட்டது சோவியத் குழு. ‘ஒத்துழைப்புக் கடல்’ என்பதும் சோவியத் குழு வைத்த பெயர்தான். பல நாட்டு ஆய்வாளர்கள் அங்கே ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டதைப் பாராட்டி வைத்தது.

உறையும் கடல்

இங்கேயும் ஓர் ஆறு கடலில் கலக்கிறது. ஆனால், தண்ணீர் ஆறு அல்ல, பனியாறு! உலகின் மிகப் பெரிய பனியாறுகளில் ஒன்றான லாம்பர்ட், மெதுவாக நகர்ந்து வந்து கடல்மேல் பெரும் பனித்தட்டாக மிதக்கிறது. 2019 செப்டம்பரில் அந்தத் தட்டிலிருந்து சுமார் 1,600 சதுர கி.மீ. பரப்புள்ள துண்டு உடைந்து போனது. குளிர்காலத்தில் கடல்நீரே உறைந்துவிடும், கோடையில் உருகும். அன்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடல்பனி 2023 பிப்ரவரியில், செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது. விஞ்ஞானிகளுக்கு இது பெரிய கவலை.

பழைய பக்கத்து வீடு

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்குக் கரையும் கிழக்கு அன்டார்க்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் விலகியபோது நடுவே கடல் பிறந்தது. அந்தப் பழைய உறவின் தடயங்களைப் பாறைகளில் தேடுகிறார்கள் நம் விஞ்ஞானிகள். அவர்களுக்காக 2012-ல் பிரிட்ஸ் விரிகுடாக் கரையில் இந்தியா திறந்த ஆய்வு நிலையம்தான் ‘பாரதி’. அதே குன்றுப் பகுதியில் சீனாவும் ரஷ்யாவும் நிலையங்கள் வைத்திருக்கின்றன.

சண்டை வராதா? 1959-ல் கையெழுத்தான அன்டார்க்டிக் ஒப்பந்தப்படி அங்கே ராணுவத் தளம் அமைக்கக் கூடாது. ஆராய்ச்சி முடிவுகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1983-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஓர் இடம் யாருக்கும் சொந்தமாகிவிடாது. ‘ஒத்துழைப்புக் கடல்’ என்ற பெயரே எல்லா நாட்டு வரைபடங்களிலும் இருக்காது. ஆனாலும் அந்தப் பெயர் சொல்லும் குணம் இல்லாமல் அந்தக் குளிரில் யாரும் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது!

சரி, உங்கள் ஊர்க் குளத்துக்கும் தெருவுக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது? இன்றைக்கே தாத்தா, பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்களேன்!